நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. ஹெட்போனை மாட்டிவிட்டால் போதும். ஒலியை அதுவே கூட்டும், அதுவே குறைக்கும், நோயாளி பொத்தானை அழுத்த அழுத்த வரைபடத்தையும் அதுவே போட்டுக் கொடுத்துவிடும். அதில் பயிற்சி எடுக்கும் பெண்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்து, கையால் பார்த்த காலத்தில் எப்படிப் பார்த்தேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். எப்படிப் பார்ப்பது என்பதை அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். அந்த அரைப் பக்கம் எனக்குச் சரியாகப் புரிந்தது ஒரு மில் தொழிலாளியால்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காது எவ்வளவு கேட்கிறது என்று அளப்பது என் வேலை. அரசாங்கத்தில் அந்தப் பதவிக்கு ஆடியோமெட்ரிஷியன் என்று பெயர். அந்தப் பெயர் வாயில் நுழையாததால் ஓய்வு பெறும்வரை ஊருக்கு நான் ‘காது சிஸ்டர்’தான்.

நான் திண்டுக்கல் பேகம்பூரில் பிறந்தவள். அத்தா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். திண்டுக்கல்காரர்களுக்கு மாசைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கிணற்றில் வாளியை விட்டு இழுத்தாலே தெரியும். தண்ணீரில் நிறம் இருக்கும், நுரை இருக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிகிற கேடு என்பதால் ஊர் கோபப்படும், மனுக் கொடுக்கும், மறியலில் உட்காரும். சத்தம் அப்படியல்ல. அது கறை வைக்காது, நாறாது. இயந்திரத்தை நிறுத்திய மறுநொடி அது அங்கே இருந்ததற்கு அடையாளமே இருக்காது. காதுக்கு உள்ளே பட்டாணி அளவில் ஒரு சுருள் இருக்கிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் இருக்கின்றன. பெருஞ்சத்தத்தில் அவை சாயும், ஓய்வு கொடுத்தால் எழும், மறுபடி சாயும். ஒரு கட்டத்துக்கு மேல் எழாது. அதற்கு மருந்தும் கிடையாது.

பள்ளிப் படிப்பு, மதுரையில் பயிற்சி, வெளியூர்களில் தற்காலிகப் பணி, நிக்காஹ், இரண்டு பிள்ளைகள். இவ்வளவையும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறேன். சொந்த ஊரில் அரசு மருத்துவமனைக்கு மாற்றலாகி வந்தபோது காது மூக்கு தொண்டைப் பிரிவின் தலைவராக இருந்தவர் டாக்டர் சின்னச்சாமி. ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். நோயாளி, துப்புரவுப் பணியாளர், மேலதிகாரி என்று எல்லாருக்கும் அவரிடம் ஒரே மரியாதைதான், ‘ங்க’ போடாமல் பேசமாட்டார். குரல் எப்போதும் தணிந்தே இருக்கும். அது சுபாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது அவருடைய முதல் பரிசோதனை. நோயாளி உள்ளே வந்ததும் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவுவார். கழுவிக்கொண்டே, ‘சாப்டீங்களா? எந்த ஊருங்க?’ என்று மெல்லக் கேட்பார். பதில் வருகிறதா, தப்பாக வருகிறதா, வரவே இல்லையா என்பதை வைத்துப் பாதி முடிவுக்கு வந்துவிடுவார். மீதிப் பாதிக்கு நோயாளி என்னிடம் வருவார்.

என் அறை, அறைக்குள் இருந்த இன்னொரு அறை. சுவர் முழுக்கத் துளைத் துளையாகப் பலகை, அதற்குப் பின்னால் பஞ்சு, கதவு பெட்டகக் கதவு போல. சோதனை நடக்கும்போது மின்விசிறி ஓடக்கூடாது. சித்திரை வெயிலில் அந்த அறையில் நோயாளி உட்கார்வது ஒரு தவம். ஹெட்போனில் சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. ‘எவ்வளவு சன்னமாக் கேட்டாலும் விரலைத் தூக்குங்க, கேக்காட்டி இறக்கிருங்க’ என்று சொல்லிவிட்டு, கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பிடிப்பேன். நன்றாகக் கேட்கும் காதில், நொடிக்கு ஆயிரம் அதிர்வு உள்ள ஒலியில் தொடங்க வேண்டும். அதிர்வு கூடக் கூட ஒலி கீச்சென்று ஆகும். விரல் தூக்கினால் பத்து படி இறங்கு, தூக்காவிட்டால் ஐந்து படி ஏறு. அப்படி இறங்கி ஏறி, எந்த இடத்தில் இரண்டு மூன்று தடவை ஒரே மாதிரி விரல் தூக்குகிறாரோ அதுதான் அவருடைய எல்லை. தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. அந்தத் தாள் தலைகீழானது. நல்ல காதின் புள்ளிகள் மேலே இருக்கும். கேட்காமல் போகப் போகப் புள்ளி கீழே இறங்கும்.

சத்தத்தால் கெட்ட காதுக்குத் தாளில் ஒரு கையெழுத்து உண்டு. கோடு மேலேயே போய்க்கொண்டிருக்கும், நாலாயிரம் அதிர்வில் வந்ததும் கிணறு வெட்டியது போல் இறங்கி, அதற்கப்புறம் கொஞ்சம் ஏறும். அந்தப் பள்ளத்தைப் பார்த்தாலே இவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டுவிடலாம்.

அந்தப் பள்ளத்தை நான் முதலில் அதிகமாகப் பார்த்தது தனியார் பஸ் டிரைவர்களிடம். ஒருவரை இன்னும் மறக்கவில்லை. தகுதிச் சான்றுக்கு வந்திருந்தார், எல்லா அதிர்விலும் விரலைத் தூக்கிக்கொண்டே இருந்தார். தாளில் புள்ளியெல்லாம் ஒரே நேராக மேலே. டாக்டர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், இன்னொருக்கா பாருங்க என்று திருப்பி அனுப்பினார். இந்தத் தடவை நான் திருகைத் தொடாமல் தோளை மட்டும் அசைத்தேன். விரல் எழுந்தது. ஜன்னல் கண்ணாடியில் என் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கே நாற்காலியைச் சுவர் பக்கமாகத் திருப்பிப் போட்டு மறுபடி அளந்தேன், நாலாயிரத்தில் பள்ளம் இருந்தது. ஏர்ஹாரன்தான் உங்கள் காதைத் தின்றிருக்கிறது என்று டாக்டர் அவரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, ஹாரன் அடிக்காமல் இந்த ஊரில் வண்டி ஓட்ட முடியுமா சார் என்று கேட்டார். ஹாரன் சத்தம் தனக்கே இப்போதெல்லாம் கம்மியாகத்தான் கேட்கிறது, மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அன்று கோபம்தான் வந்தது. அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசிக்கத் தோன்றவில்லை. நான் அளப்பவள், சொல்வது டாக்டர் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

பூங்கொடி வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. எரியோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். முப்பதைத் தாண்டாத வயது, மெலிந்த உடம்பு. கூட வந்தவர் கணவர் தங்கராசு. முருங்கையும் தக்காளியும் போடுகிற சம்சாரி, அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்கி விற்பதும் உண்டு. உள்ளே நுழைந்ததும் என்னிடம், காது நன்றாக இருக்கிறது என்று ஒரு சர்டிபிகேட் வேண்டும் என்றார். கேட்கவில்லை என்று சான்று கேட்டு வருவார்கள். நன்றாகக் கேட்கிறது என்று மனைவிக்குச் சான்று கேட்டு வந்தவரை அன்றுதான் பார்த்தேன்.

விஷயத்தை அவரே சொன்னார். அவருடைய அம்மா கூப்பிட்டால் பூங்கொடி திரும்புவதில்லை. ஆறு வயது மகள் வாசலிலிருந்து கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்பதில்லை. குக்கர் விசில் அடித்து அடித்து அடிபிடித்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அவர் வயலிலிருந்து வந்து ஒரு குரல் கொடுத்தால் உடனே எழுந்து வருகிறாள்.

“புருசன் கூப்பிட்டா மட்டும் கேக்குது, மத்தவுக கூப்பிட்டா கேக்கலையாக்கும்னு எங்கம்மா கேக்குறாக. அதுல தப்பு இருக்கா சொல்லுங்க” என்றார்.

சம்பாதிக்கிற திமிர் என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். விருந்தாளிகள் முன்னால் மாமியார் ஏதோ சொல்ல, இவள் காதில் வாங்காமல் போக, பேச்சு முற்றிவிட்டது. அடுத்த வாரம் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்காரப் போகிறார்கள். காதில் குறை இல்லை என்று தாளில் இருந்தால், அதைக் காட்டிப் பெண்ணைத் தாய் வீட்டில் விட்டுவிடுவதாகப் பேச்சு. தங்கராசு கொடுமைக்காரர் அல்ல. நாலு பக்கமும் இழுபட்டுச் சோர்ந்து போனவர்.

பூங்கொடியிடம் கேட்டேன். தனக்கு நன்றாகவே கேட்கிறது என்றாள். சனங்கள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்றாள். வேறு தொந்தரவு உண்டா என்றதற்கு, வேலை முடிந்து வந்தால் காதுக்குள் சில்வண்டு மாதிரி ஒன்று கத்திக்கொண்டே இருக்கும், தூங்கி எழுந்தால் போய்விடும் என்றாள். பதினோரு ஆண்டுகளாக ஒரு நூற்பாலையில் நூல் முறுக்கும் பகுதியில் வேலை. அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே நடக்க வேண்டும். அன்றைக்கும் ஷிப்டு முடிந்து மில் வேனிலிருந்து இறங்கி நேராக இங்கேதான் வந்திருந்தாள்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். சத்தத்திலிருந்து நேராக வந்த காதை அளக்கக்கூடாது என்பது பயிற்சியில் படித்த பாடம். வெளியே கூட்டம், தங்கராசு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நின்றார். உட்கார வைத்து அளந்துவிட்டேன். நாலாயிரத்தில் புள்ளி தாளின் அடிப்பக்கத்துக்கே போனது. மூவாயிரமும் ஆறாயிரமும் கூடவே சரிந்தன.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, இவங்க எங்கிருந்து வர்றாங்க என்றுதான். நான் சொன்னதும் தாளை மேசையில் வைத்தார். அவர் திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன்.

“ரஹ்மத்தம்மா, இது காதோட அளவு இல்லீங்க. காதும் களைப்பும் சேர்ந்த அளவு. நாளைக்கு மில்லுக்காரங்க இந்த ஒரு தப்ப வெச்சே மொத்தத்தையும் பொய்யின்னு சொல்லிப்போடுவாங்க” என்றார்.

இரண்டு நாள் விடுப்பு எடுத்து, அமைதியாக வீட்டில் இருந்துவிட்டு வரச் சொல்லி அவர்களை அனுப்பினார். தங்கராசு முகம் சுளித்துக்கொண்டே போனார். திரும்பி வருவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

வந்தார்கள். இந்தத் தடவை ஒவ்வொரு அதிர்வையும் இரண்டு தடவை பார்த்தேன். பள்ளம் அங்கேயே இருந்தது, ஆனால் முன்பு போல அவ்வளவு ஆழம் இல்லை. டாக்டர் பழைய தாளைக் கேட்டார். கிழித்துப் போடத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு கோடுகள் தெரிந்தன. மேல் கோடு அவளுடைய காது. மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருந்தது, ஒரே ஒரு நாள் ஷிப்டு தின்றுவிட்டு ஓய்வில் திருப்பிக் கொடுத்த பகுதி.

பிறகு தங்கராசுவை உள்ளே அழைத்து ஓரமாக உட்கார வைத்தார். மின்விசிறியைப் போடச் சொன்னார். என்னைப் பூங்கொடிக்குப் பின்னால் நிற்கவைத்து, நோயாளிச் சீட்டால் வாயை மறைத்துக்கொண்டு, வீட்டில் பேசுகிற குரலில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொன்னார். கேட்டதை அவள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

நான் தட்டு என்றேன். அவள் பட்டு என்றாள். சீப்பு என்றேன். உப்பு என்றாள். கத்தி என்றதற்குப் பத்தி. ஊசி என்றதற்கு ஊதி. தயங்கவில்லை, தடுமாறவில்லை, ஒவ்வொன்றையும் உறுதியாகச் சொன்னாள். அதுதான் பார்க்க முடியாமல் இருந்தது. குரல் கேட்கிறது, எழுத்து கேட்கவில்லை. சன்னமான எழுத்துகள் உட்காருகிற இடம்தான் பள்ளமாகிக் கிடந்ததே. கணவரின் கனத்த குரல் அந்தப் பள்ளத்துக்கு வெளியே இருந்தது. மாமியாரின் சன்னக் குரலும் மகளின் கீச்சுக் குரலும் குக்கர் விசிலும் அதற்குள் விழுந்துவிட்டன. இருபது சொல் முடிந்ததும், நான் என்ன சொன்னேன், அவள் என்ன சொன்னாள் என்று குறித்த தாளை டாக்டர் அவளிடமே கொடுத்தார்.

அவள் எழுத்துக் கூட்டி மேலிருந்து கீழே படித்தாள். படித்து முடித்து என்னைத்தான் பார்த்தாள்.

“அப்ப இம்புட்டு நாளும் எல்லார்கிட்டயும் தப்புத் தப்பாத்தான் பதில் சொல்லிக்கிட்டு இருந்தேனா, சிஸ்டர்?”

தங்கராசு எழுந்து வெளியே போனார். செத்த நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். விருந்தாளி வந்த அன்று அம்மா இலையில் வெஞ்சனத்தை வை என்றுதான் சொல்லியிருக்கிறார், இவள் காதில் அது வேறு ஏதோவாக விழுந்து வாசலைக் கூட்டப் போய்விட்டாள் என்று டாக்டரிடம் தணிந்த குரலில் சொன்னார். சர்டிபிகேட் வேண்டாம், அந்த இரண்டு தாளையும் கொடுங்கள், பெரியவர்கள் முன்னால் வைக்கிறேன் என்றார். தாய் வீட்டுப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று பிறகு தெரிந்தது.

டாக்டர் தன் பங்குக்குச் சீட்டில் எழுதினார். தொடர்ந்த இயந்திரச் சத்தத்தால் ஏற்பட்ட செவிக்குறை, நிரந்தரமானது, இனி சத்தம் குறைந்த இடத்தில் வேலை தர வேண்டும். அந்தச் சீட்டை அவள் மில்லில் கொடுத்தாள். நாலாவது நாள் மில்லிலிருந்து பெர்சனல் ஆபீசர் வந்தார். நல்ல மனிதர்தான், மரியாதையாகப் பேசினார். சின்ன வயதில் காதில் சீழ் வந்திருக்கலாம் அல்லவா, காரணம் தெரியவில்லை என்று எழுதினால் எல்லாருக்கும் சங்கடம் குறையுமே என்றார். இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு உள்ளே கொடுக்க வேறு வேலை இல்லை, நிற்கச் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். மிரட்டுகிற தொனி இல்லை.

டாக்டர் அவருக்குத் தேநீர் வரவழைத்தார். அப்புறம் சொன்னார்:

“சீழ் வந்த காதுக்கு வேற படமுங்க. அது இந்தத் தாள்ல இல்ல. தாள்ல இல்லாதத நான் எழுத மாட்டேன், இருக்கறத விடவும் மாட்டேனுங்க.”

ஆபீசர் போனபிறகு நான்தான் தங்கராசுக்குப் போன் செய்து, அவர் மூலமாகப் பூங்கொடிக்கு விஷயத்தைச் சொன்னேன். வேலை போய்விடும்போல் இருக்கிறது, என்ன செய்வதென்று நீங்கள் இருவரும் யோசியுங்கள் என்றேன். வேலை போனால் அந்த வீடு எவ்வளவு தள்ளாடும் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், டாக்டர் கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கலாமோ என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

அந்த வாரம் மில் விடுமுறை நாளில் காலை எட்டு மணிக்கு என் அறை வாசலில் பூங்கொடி நின்றாள். அவளுக்குப் பின்னால் பதினொரு பெண்கள். ஒரு மினி வேனை வாடகைக்குப் பேசி வந்திருந்தார்கள். எல்லாரும் அவள் கூட அதே பகுதியில் வேலை செய்பவர்கள். அந்த இரண்டு தாள்களையும் அவள் சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொருத்தியிடமும் காட்டியிருக்கிறாள்.

“இவுகளுக்கும் சில்வண்டு கத்துதாம், சிஸ்டர். எனக்குப் பாத்த மாதிரியே ரெண்டு தாளாப் பாத்துக் குடுங்க. இன்னைக்கு ஒண்ணு, ஷிப்டு முடிஞ்சு வந்து ஒண்ணு” என்றாள்.

நான் செய்த தவறை அவள் ஒரு முறையாக மாற்றிவிட்டாள். அன்று மாலைவரை நான் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. அடுத்தடுத்த நாட்களில் ஷிப்டு முடிந்து மூன்று மூன்று பேராக வந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் இரண்டு தாள். டாக்டர் எதையும் விளக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார், அவ்வளவுதான். படிக்கத் தெரியாதவளுக்கும் அது புரிந்தது. பதினொரு பேரில் எட்டுப் பேருக்குப் பள்ளம் விழத் தொடங்கியிருந்தது. மீதி மூன்று பேரும் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆனவர்கள்.

பன்னிரண்டு பேரும் தாள்களைச் சேர்த்து மில்லில் கொடுத்தார்கள். ஒருத்தியை நிறுத்தலாம். ஒரே பகுதியில் பன்னிரண்டு பேரை நிறுத்தினால் ஓடுகிற இயந்திரத்தைப் பார்க்க ஆள் இருக்காது. பெர்சனல் ஆபீசர் மறுபடி வந்தார். டாக்டருக்கு என்ன வேண்டும் என்று முதலாளி கேட்கச் சொன்னாராம். எனக்கு ஒன்றும் வேண்டாம், இந்த அம்மாவை ஒரு மணி நேரம் உள்ளே விடுங்கள் என்று என்னைக் காட்டினார் டாக்டர்.

அதுவரை நான் ஒரு நூற்பாலைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. கதவைத் திறந்ததும் சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் இடித்தது. பஞ்சுத் தூசிக்கு நடுவே வரிசை வரிசையாக இயந்திரங்கள், இடையில் நடந்துகொண்டே இருக்கும் பெண்கள். யாரும் பேசவில்லை. விரலாலும் புருவத்தாலும் எல்லாம் நடந்தது. பத்து நிமிடத்தில் எனக்குத் தலை கனத்தது, இருபது நிமிடத்தில் சத்தம் குறைந்துவிட்டது போலத் தோன்றியது. குறையவில்லை என்று எனக்குத் தெரியும். என் காது சாய்ந்துகொண்டிருக்கிறது. எத்தனையோ ஆயிரம் பேர் காதை அளந்தவளுக்கு, தன் காது நழுவுவதை நின்று கவனித்தபோது பயம் வந்தது.

திரும்பி வந்ததும் என் நாற்காலியில் டாக்டர் உட்கார்ந்தார், நோயாளி நாற்காலியில் நான். அன்று வரை அவர் திருகைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை. பத்து இறங்கி, ஐந்து ஏறி, அவசரமே இல்லாமல், சந்தேகம் வந்த இடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்து அளந்தார். காலையில் மில்லுக்குப் போகுமுன் அவர் எடுத்த என் தாள் ஒரே நேராக இருந்தது. இதில் நாலாயிரத்தில் சின்னதாக ஒரு குழி. அன்று மாலை வீட்டில் பிள்ளைகள் பேசியது பஞ்சு வழியாக வந்தது போல இருந்தது. மறுநாள் காலையில் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதா என்று மூன்றாவதாக ஒரு தாளும் எடுத்துக்கொண்டுதான் ஓய்ந்தேன்.

அந்த மூன்று தாள்களுடன் மில் கேண்டீனில் முதல் கூட்டம் நடந்தது. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். ‘இது என் காது, உங்க மில்லுக்குள்ள ஒரு மணி நேரம் நிக்கிறதுக்கு முன்னாடி, இது நின்னதுக்குப் பின்னாடி’ என்று முதல் இரண்டு தாளையும் தூக்கிப் பிடித்தேன். அதற்குமேல் கேள்விகள் அவர்களிடமிருந்தே வந்தன. மில் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தது. வாங்கிக் கொடுத்ததும் எல்லாரும் போட்டுக்கொண்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். முதல் வாரமே பாதிப் பேர் கழற்றிவிட்டார்கள். காது அரிக்கிறது, தோடு இடிக்கிறது, சூப்பர்வைசர் கூப்பிட்டால் தெரியவில்லை, திட்டு விழுகிறது. ஒவ்வொன்றுக்கும் மாதக் கணக்கில் மல்லுக்கட்டினோம். சூப்பர்வைசர்கள் கத்துவதை விட்டுவிட்டு டார்ச் அடித்துக் கூப்பிடலாம் என்று யோசனை சொன்னது பூங்கொடி. வெளிச்சம் அடித்ததும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் காதடைப்பான் காதில் தங்கியது. பூங்கொடிக்கு இயந்திரச் சத்தம் எட்டாத பேக்கிங் பகுதியில் வேலை கொடுத்தார்கள்.

அந்தக் கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு பெர்சனல் ஆபீசர் என்னிடம் வந்து, தனக்கும் ஒரு நாள் பார்க்க முடியுமா என்று கேட்டார். பார்த்தேன். தாளை வாங்கி, பார்க்காமலே நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு பக்கத்து மில்லுக்கு எங்களை அழைத்துப் போனவர் அவர்தான்.

எல்லா மில்லும் கதவைத் திறக்கவில்லை. பஸ் நிலையத்தில் ஏர்ஹாரன் இன்னும் காதைக் கிழிக்கிறது. ஆனால் அந்த இரண்டு தாள் முறை எங்களை விட்டுப் போகவில்லை. டிரைவர்கள், பட்டறைக்காரர்கள், ஜெனரேட்டர் ஆபரேட்டர்கள், திருவிழாவுக்கு மைக் செட் கட்டுபவர்கள் என்று யார் வந்தாலும், வேலைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இருபது நிமிடம் நான் தொண்டை வற்றப் பேசுவதை அந்த இரண்டு கோடு ஒரு நொடியில் சொல்லிவிடும். சனங்களுக்குப் புரியாது என்று சொல்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அவர்களுக்குப் புரிகிறபடி காட்டத் தெரியாமல் நானே பல ஆண்டுகள் இருந்தேன்.

பூங்கொடிக்குக் காதுக்கருவி பொருத்திய நாளில் கூட வந்தது அவள் மாமியார். நான் கருவியை மாட்டி, ஒலியைச் சரிசெய்து முடித்தபிறகு அந்த அம்மா என் பக்கத்தில் வந்து, கருவியைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் இவளை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டார். பின்னாலிருந்து கூப்பிட வேண்டாம், கத்தவும் வேண்டாம், முன்னால் வந்து முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும் என்றேன். அவர் நாற்காலியைச் சுற்றி நடந்து மருமகள் முன்னால் போய் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில், பசிக்குதா என்று கேட்டார்.

டாக்டர் சின்னச்சாமி எனக்கு முன்பே ஓய்வு பெற்று ஒட்டன்சத்திரத்துக்கே போய்விட்டார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் ஒரு பெண் தனியாக வந்தாள். பத்தொன்பது வயது. காதில் என்ன தொந்தரவு என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். மறுநாள் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலைக்குச் சேரப் போகிறாளாம். அதற்கு முன்னால் தன் காது எப்படி இருந்தது என்று ஒரு தாள் வேண்டும் என்றாள்.

மில்லில் கேட்டார்களா என்றேன். இல்லை என்றாள். அப்படியானால் இப்படிச் செய்யச் சொல்லி யார் சொன்னது என்று கேட்டேன்.

“யாரு சொல்லணும் சிஸ்டர்? இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

நான் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ஆயிரத்தில் தொடங்கினேன். பத்து இறங்கினேன், அவள் விரலைத் தூக்கினாள். இன்னும் பத்து இறங்கினேன், தூக்கினாள். நாலாயிரத்திலும் தூக்கினாள்.